கோதாவரிக் கரைப் பேனா

ராஜமுந்திரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகப் போகிறார்கள். கோதாவரியில் ஸ்நானம் செய்யப் போகிறவர்கள் ஒரு வகை. பாப்பிகொண்டலு மலைகளுக்கு நடுவே படகில் செல்ல ஆசைப்பட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகிறவர்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றிலும் சேராத நாலாவது வகையைச் சேர்ந்தவர்கள் நானும் என் கணவரும். ஒரு பேனா வாங்குவதற்காக நாங்கள் அந்த ஊருக்குப் போனோம்!

"பேனாவா? அதற்காக 580 கிலோ மீட்டர் பிரயாணமா? தெருக்கோடிக் கடையில் பத்து ரூபாய்க்குக் கொடுக்கிறானே!" என்றார் என் கணவர்.

அவர் மேல் குற்றமில்லை. நான் வாங்க நினைத்த பேனா அப்படிப்பட்டது. கடைசல் பிடித்துக் கையால் செய்தது. தங்க முள் பொருத்தியது. அதன் விலை ஏறக்குறைய ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலை. இருபது மாதம் கட்டிய சீட்டு என் பெயருக்கு விழுந்திருந்தது. புடவைக்கென்று ஒதுக்கிய பணத்தைப் பேனாவுக்கு மாற்றிக் கொண்டேன். அவ்வளவுதான்.

விலையைக் கேட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தவர், பிறகு பெருந்தன்மையுடன், "சரி, வாங்கிக்கொள். ஆனால் பத்திரமாகப் பீரோவில் வை. கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவி முகவரி எழுதும்போது எடுக்கலாம். நல்ல நாள், பெரிய நாளில் கையெழுத்துப் போடலாம்" என்றார்.

"பால் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் அதில்தான் எழுதப் போகிறேன்" என்றேன் நான்.

"பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு பத்துப் பாத்திரம் தேய்ப்பதைப் போலத்தான்!" என்றார் அவர்.

விலை உயர்ந்த பொருளைத் தினமும் புழங்கலாமா, பூட்டி வைக்க வேண்டுமா? எல்லா வீடுகளிலும் உள்ள வழக்குத்தான் இது. எங்கள் வழக்குக்குத் தீர்ப்பு கோதாவரிக் கரையில் கிடைத்தது.

ஆறு வருகிறது, எழுந்திருங்கள்!

சென்னை சென்ட்ரலில் இரவு வண்டி ஏறினால், பொழுது புலரும் சமயத்தில் கொவ்வூரைத் தாண்டுகிறோம். உடனே வண்டியின் சத்தம் மாறுகிறது. பெட்டியில் உள்ளவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் நகர்கிறார்கள். அடேயப்பா! ஆறா அது? கடலுக்குத் தங்கை என்றே சொல்லலாம். நம் காவிரியை அகண்ட காவிரியாகக் கண்டு வியந்தவர்கள்கூடச் சற்று வாயடைத்துத்தான் போவார்கள்.

இங்கே ரயில் பாலங்கள் மூன்று. 1900-ல் திறந்த ஹாவ்லாக் பாலம் 1997-ல் ஓய்வு பெற்றுவிட்டது. 1974-ல் வந்த பாலத்தில் கீழே ரயிலும் மேலே மோட்டார்களும் போகின்றன. 1997-ல் வந்த மூன்றாவது பாலம், வரிசையாக வில்களை வளைத்து நிறுத்தி வைத்தாற்போல் அழகாக இருக்கிறது. ஜன்னல் வழியே சிலர் காசை ஆற்றில் போட்டுக் கும்பிட்டார்கள். எங்களுக்கு எதிர் ஆசனத்தில் இருந்த அம்மாளும் ஒரு ரூபாயைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு எழுபது வயது இருக்கும். சென்னையில் பிறந்து, கல்யாணமாகிக் கோதாவரி ஜில்லாவுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழும் தெலுங்கும் கலந்து சரளமாகப் பேசினார். நாங்கள் பேனா வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சிறு பட்டுத் துணிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு பழைய பேனா. கறுப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது சுக்குக் கஷாயத்தின் நிறம்.

"எங்கள் வீட்டுக்காரருடையது. 31 வருஷம் இதில்தான் வீட்டுக் கணக்கு எழுதினார். அவர் போய் நாலு வருஷமாகிறது. அன்று பீரோவில் வைத்தவள், பூஜையன்று பொட்டு வைப்பதற்கு மட்டும் எடுப்பேன். இப்போது பேத்தி காலேஜில் சேரப் போகிறாள். 'தாத்தா பேனா எனக்குத் தான்' என்கிறாள். மை ஊற்றினேன், எழுதவே மாட்டேன் என்கிறது. கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பது அப்புறம். முதலில் இதற்கு உயிர் வரட்டும் என்று எடுத்துக்கொண்டு வந்தேன் அம்மா" என்றார்.

நாங்கள் அவரை 'டீச்சரம்மா' என்று அழைக்க ஆரம்பித்தோம். ஊரில் இறங்கியபோது மூவரும் ஒரே கட்சியாகிவிட்டோம்.

எழுத்தாணியின் ஊர்

ராஜமுந்திரி என்று நாம் சொல்லிப் பழகிய ஊருக்கு 2015 முதல் ராஜமகேந்திரவரம் என்பதே சர்க்கார் பெயர். நமக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. ராஜராஜ சோழனின் மகள் குந்தவை இந்தக் கீழைச் சாளுக்கிய வம்சத்தில் வாழ்க்கைப்பட்டாள். நம் கதைகளில் வரும் பெரிய குந்தவை அல்ல இவள். அந்த அத்தையின் பெயரைச் சூடிய மருமகள். இவளுடைய பிள்ளைதான் ராஜராஜ நரேந்திரன். அவன் மணந்தது ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கா தேவியை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளை 1070-ல் சோழ சிங்காதனம் ஏறிய முதலாம் குலோத்துங்கன். ஆக, ராஜமுந்திரி நமக்குச் சம்பந்தி வீடு!

அந்த ராஜராஜ நரேந்திரனின் சபையில் இருந்துகொண்டுதான் நன்னயா என்ற புலவர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். 11-ஆம் நூற்றாண்டு, ஓலையும் எழுத்தாணியும் புழங்கிய காலம். தெலுங்குக் காவியம் பிறந்த ஊரிலேயே பின்னால் பேனாவும் பிறந்தது என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கோட்டை வாசல் பக்கம் போகும் வழியில் ரோஸ் மில்க் கடைகளைப் பார்த்தோம். இந்த ஊர் ரோஸ் மில்க்குக்கு ஆந்திர தேசம் பூராவும் பெயர். ஆத்ரேயபுரத்திலிருந்து வரும் 'பூதரேகுலு' என்ற பலகாரத்தையும் விற்கிறார்கள். அரிசி மாவை மெல்லிய காகிதம் போலக் காயவைத்து, நெய்யும் சர்க்கரையும் தூவி மடித்தது. "பேனா வாங்க வந்த ஊரில் காகிதம் தின்னக் கிடைக்கிறதே!" என்று என் கணவர் நாலு பொட்டலம் வாங்கிக்கொண்டார். அது முதல் அவருக்கு இந்தப் பிரயாணம் பிடிக்க ஆரம்பித்தது.

பொற்கொல்லர் செய்த பேனா

இந்த ஊர்ப் பேனாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் கே.வி. ரத்னம். தங்க வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். கையில் தொழில் இருந்தது. மனத்தில் சுதேசி இயக்கம் இருந்தது. அந்த நாளில் கடைகளில் கிடைத்த பவுண்டன் பேனாக்கள் பெரும்பாலும் சீமைச் சரக்கு. கதர் உடுத்திய தேசபக்தர்கள்கூட சட்டைப் பையில் வெளிநாட்டுப் பேனாவைச் செருகிக்கொண்டுதான் கூட்டங்களுக்குப் போனார்கள். 1932-ல் ரத்னம் பேனா செய்யத் தொடங்கினார். காந்தியடிகளுக்கு ஒரு பேனாவை அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்தப் பேனா காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்தது யார் மூலம் தெரியுமா? நம் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா மூலம்தான். அப்போது அவர் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1935 ஜூலை 16-ந் தேதி வார்தாவிலிருந்து காந்தியடிகள் ரத்னத்துக்கு நன்றி எழுதினார். பேனாவைத் தாம் உபயோகித்துப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் காணப்படும் அந்நியப் பேனாக்களுக்கு அது ஈடாக நிற்கக் கூடியதாகத் தோன்றுவதாகவும் கடிதத்தின் சாரம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'அழகாக இருக்கிறது' என்று அவர் பாராட்டவில்லை. 'ஞாபகார்த்தமாக வைத்திருப்பேன்' என்றும் எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், எழுதுகிறது என்றார். ஒரு தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் ஏது?

இதைச் சொல்லிவிட்டு என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பூதரேகுலுவில் ஆழ்ந்திருந்தார்.

கறுப்புத் தடி பேனாவாகிறது

இந்த ஊரில் கையால் பேனா செய்வதைப் பார்ப்பது ஒரு சுகம். முதலில் ஒரு கறுப்புத் தடியைக் காட்டுகிறார்கள். எபனைட் என்று பெயர். ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து வெகு நேரம் வேகவைத்தால், வளைகிற ரப்பர் மரம் போல இறுகிவிடுகிறது. கறுப்பு மட்டுமல்ல, பழுப்பும் பச்சையும் மர வரிபோல் ஓடும் தடிகளும் உண்டு.

தடியை அளவாக அறுத்துக் கடைசல் இயந்திரத்தில் பொருத்துகிறார் தொழிலாளி. சக்கரம் சுழல்கிறது, உளி தொட்டதும் கறுப்புச் சுருள்கள் பறக்கின்றன. கந்தக வாசனை மூக்கில் ஏறுகிறது. மை நிற்கும் குழல் ஒன்று, விரல் பிடிக்கும் கழுத்து ஒன்று, மூடி ஒன்று என்று மூன்று துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே துளையிட்டு, மரை வெட்ட வேண்டும். மரை ஒரு மயிரிழை தளர்ந்தால் மை ஒழுகும், இறுகினால் வெடிக்கும். அளவு கருவியைவிட அவருடைய கட்டை விரலே அதிகம் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து, துணியால் மெருகேற்றினால், தலைவாரிப் பின்னிய குழந்தையைப் போல் பேனா பளபளவென்று நிற்கிறது.

பேனாவின் சூட்சுமம் முழுவதும் முள்ளிலும் அதன் அடியில் உள்ள நாக்கிலும் இருக்கிறது. முள்ளின் நடுவே உள்ள கீற்று, மையைக் காகிதத்துக்கு இழுத்து வருகிறது. நாக்கில் உள்ள மெல்லிய வாய்க்கால்களில் மை இறங்க இறங்க, காற்று உள்ளே ஏறி அதன் இடத்தைப் பிடிக்கிறது. காற்றுப் போகாவிட்டால் மை வராது; அதிகமாகப் போனால் குபுக்கென்று கொட்டும். இந்த வாய்க்காலைச் சரியாக வெட்டி, 1884-ல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் வாங்கியவர் வாட்டர்மன் என்பவர். இன்றைக்கும் எல்லாப் பேனாக்களிலும் வேலை செய்வது அதே தத்துவந்தான்.

"தங்க முள் எதற்கு? ஆடம்பரமா?" என்று கேட்டார் என் கணவர்.

ஆடம்பரம் மட்டும் என்று சொல்ல முடியாது. பழைய நாளில் மையில் அமிலம் அதிகம். எஃகு முள்ளை அரித்துவிடும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் தங்கம் மெதுவானதாயிற்றே, தேய்ந்து போகாதா? அதற்காகத்தான் நுனியில் மட்டும் மிகக் கடினமான வேறு உலோகத்தைக் குண்டூசித் தலையைவிடச் சிறிய மணியாகப் பற்றவைக்கிறார்கள். 14 காரட் முள் என்றால் நூற்றுக்கு 58 பங்கு தங்கம். நகை செய்கிற 22 காரட்டில் முள் செய்தால் எளிதில் வளையக்கூடும்.

பேனாவைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். "உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பாருங்கள்" என்றார் தொழிலாளி. நான் கையெழுத்துப் போடவில்லை. துவரம் பருப்பு 1 கிலோ, புளி அரைக் கிலோ, வெல்லம், சலவைக்கு வேட்டி 4 என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பேனா வாங்கப் போகும் சகோதரிகளுக்கு என் யோசனை இதுதான். கையெழுத்து எந்தப் பேனாவிலும் ஜோராக விழும். தினம் எழுதுவதை, தினம் எழுதும் வேகத்தில், அரைப் பக்கமாவது எழுதிப் பார்த்தால்தான் பேனா தன் குணத்தைக் காட்டும். கனம் அதிகமா, விரல் வலிக்கிறதா, கழுத்து வழுக்குகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

"குழலில் பெயர் வெட்டித் தருவோம். யார் பெயர்?" என்று கேட்டார் அவர்.

"வீட்டுத் தலைவர் பெயரைப் போடுவதுதான் வழக்கம்" என்று என் கணவர் கழுத்தைக் கனைத்துக்கொண்டார்.

எனக்குச் சட்டென்று எங்கள் சமையலறை ஞாபகம் வந்தது. கல்யாணச் சீரில் வந்த குடம், சம்புடம், போசி எல்லாவற்றிலும் என் பெயர்தான் வெட்டியிருக்கிறது. அப்பாவின் முதல் எழுத்தோடு! இருபத்தெட்டு வருஷமாக அவற்றில்தான் தண்ணீர் பிடிக்கிறேன், சாதம் வடிக்கிறேன். பெயர் வெட்டிய பாத்திரம் என்பதால் யாரும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை. சொல்லப்போனால் புழங்கப் புழங்கத்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம் வந்தது.

இதைச் சொன்னேன். என் கணவர் சிறிது யோசித்தார். "அப்படியானால் உன் பெயரையே வெட்டச் சொல். நான் கடன் வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

டீச்சரம்மாவின் பேனா

டீச்சரம்மாவின் பேனாவை வேறொரு சந்தில், பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் முதல் நாள் மாலையிலேயே கொடுத்திருந்தோம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தைக் கழற்றினார். நாக்கின் வாய்க்கால்களில் பழைய மை கருங்கல்லாக இறுகிக் கிடந்தது.

"எவ்வளவு நாளாக எழுதவில்லை?" என்று தெலுங்கில் கேட்டார்.

"நாலு வருஷம்."

"அதற்கு முன்பு?"

"தினமும்."

பெரியவர் தலையை ஆட்டினார். "31 வருஷம் எழுதி ஒன்றும் கெடவில்லை. நாலு வருஷம் சும்மா இருந்து கெட்டிருக்கிறது" என்றார். முள்ளையும் நாக்கையும் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டு, "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வெந்நீரில் போட்டால் சீக்கிரம் கரையுமே என்று நான் கேட்டேன். வெந்நீர் பட்டால் எபனைட்டின் நிறம் செத்துவிடுமாம். வெயில் பட்டாலும் அப்படியே. பீரோவில் வைப்பதற்கு முன்னால் ஜன்னலோர மேஜையில் கழித்த வருஷங்களில்தான் அந்தப் பேனா கஷாய நிறத்துக்கு வந்திருக்கிறது.

மறுநாள் நாங்கள் போனபோது கிண்ணத்தில் தண்ணீர் கருநீலமாக இருந்தது. பெரியவர் எல்லாவற்றையும் துடைத்துப் பொருத்தி, மை ஊற்றி, ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாக இழுத்தார். மை வந்தது! பேனாவை டீச்சரம்மாவிடம் நீட்டினார்.

அவர் எழுதியபோது முள் காகிதத்தைக் கீறியது. மறுபடியும் எழுதினார், மறுபடியும் கீறல். முகம் வாடிவிட்டது.

பெரியவர் பூதக்கண்ணாடியில் முள்ளைப் பார்த்தார். "முள் கெடவில்லை அம்மா. நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. எழுதியவர் பேனாவைச் சாய்த்துப் பிடிக்கிறவர். நீங்கள் நேராகப் பிடிக்கிறீர்கள். இரண்டு நிமிஷம் தேய்த்துக் கொடுத்தால் உங்கள் கைக்குச் சரியாகிவிடும். தேய்க்கட்டுமா?"

டீச்சரம்மா பதில் சொல்லவில்லை. தேய்த்தால் அவருக்கு எழுத வரும். ஆனால் 31 வருஷம் ஒருவர் கைப்பட்டு உண்டான தேய்மானம் இரண்டு நிமிஷத்தில் போய்விடும். தேய்க்காவிட்டால் அது அப்படியே இருக்கும். ஆனால் பேனா மறுபடி பீரோவுக்குத்தான் போகும். கடையில் இருந்த நாங்கள் யாரும் பேசவில்லை.

சற்று நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். பிறகு கட்டை விரலைச் சிறிது பின்னுக்குத் தள்ளி, பேனாவை வலது பக்கம் சாய்த்து, அரைக் கண் மூடினவரைப் போல் மெதுவாகக் காகிதத்தில் வைத்தார். தலைப்பில் 'ஸ்ரீ' போட்டார். கீழே 'பாலு' என்று தெலுங்கில் எழுதினார். கீறல் இல்லை. தண்ணீரில் படகு போவது போல் முள் போயிற்று.

"இப்படித்தான் பிடிப்பார். 'இது என்ன கோணல் பிடி?' என்று நான் சண்டை போடுவேன்" என்றார். குரல் கம்மிவிட்டது. பிறகு தலையை நிமிர்த்தி, "தேய்க்க வேண்டாம் ஐயா. நானே சாய்த்துப் பிடித்துக்கொள்கிறேன்" என்றார்.

"பேத்திக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

"அவளுக்கு வேறு பேனா வாங்கித் தருகிறேன். இதில் இனி நான் கணக்கு எழுத வேண்டும்" என்றார் டீச்சரம்மா.

வெளியே வந்ததும் என் கணவர், "பால் கணக்குத்தான் எழுதினார்கள், கவனித்தாயா?" என்றார். எங்கள் வழக்கு அத்துடன் தள்ளுபடியாயிற்று.

வைத்துக் காப்பாற்ற அல்ல, எழுதிக் காப்பாற்ற

வீட்டுக்கு வந்து என் பேனாவில் தினமும் எழுதுகிறேன். அதைப் போஷிப்பது பெரிய காரியமில்லை. ஊஞ்சலும் உரலும் கேட்கும் பராமரிப்பைவிடக் குறைவுதான். தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தினம் நாலு வரியாவது எழுதுங்கள். ஓடுகிற மை உறைவதில்லை. நாலைந்து வாரங்கள் தொடப் போவதில்லை என்றால் மையைக் கொட்டி, பச்சைத் தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள்.

பவுண்டன் பேனாவுக்கென்று விற்கும் மையைத்தான் ஊற்ற வேண்டும். படம் வரைகிற 'இந்தியன் இங்க்' கூடவே கூடாது. அதில் உள்ள பசை நாக்கை அடைத்துவிடும். பிறகு எந்தப் பெரியவராலும் காப்பாற்ற முடியாது.

குழலிலேயே மை ஊற்றும் பேனாவாக இருந்தால், மை அடியில் தங்கும் வரை காத்திராமல் நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே காற்று அதிகமாக இருந்தால், கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளும். 'பேனா கக்குகிறது' என்று நாம் திட்டுவதில் பாதி இந்தக் காரணத்தால்தான். பிரயாணத்தில் முள் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வையுங்கள்.

இரவல் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். பந்துமுனைப் பேனாவில் பழகியவர்கள் அழுத்தி எழுதுவார்கள். முள்ளின் இரு கால்களும் அகன்றுவிடும். முகம் கோணாமல் இன்னொரு பேனாவை எடுத்துக் கொடுப்பதுதான் உத்தமம். என் கணவருக்கு மட்டும் விதிவிலக்கு. அவருக்கும் அழுத்தாமல் எழுதக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் கணக்கைச் செல்போனில் தட்டிவிட்டுப் போகலாம். கூட்டலையும் அதுவே போட்டுவிடும். இருந்தாலும் கையால் எழுதும் கணக்கில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'வெல்லம் 1 கிலோ' என்று எழுதும்போதே, போன வாரமும் வாங்கினோமே என்று கை நின்றுவிடுகிறது. நல்ல பேனாவாக இருந்தால் எழுதும் ஆசையில் நோட்டுப் புத்தகத்தைத் தினமும் திறக்கிறோம். மாதக் கடைசியில் பார்த்தால் அது கணக்கு மட்டுமாக இருப்பதில்லை. யார் வந்து போனார்கள், யாருக்குக் காய்ச்சல், எந்தப் பண்டிகைக்கு என்ன செய்தோம் என்று குடும்பத்தின் சரித்திரமே அதில் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தை எழுத விலை உயர்ந்த பேனா தகாது என்று யார் சொன்னது?

பட்டுப் புடவையையும் மடித்த மடிப்பிலேயே வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்பில்தான் இற்றுப் போகிறது. உபயோகத்தால் தேய்கிற பொருளில் நம் கையின் அடையாளம் விழுகிறது. பூட்டி வைத்துக் கெடுகிற பொருளில் பூட்டின் அடையாளந்தான் விழுகிறது.

கோதாவரிப் பக்கம் போனால் ஸ்நானம் செய்யுங்கள், படகில் போங்கள், ரோஸ் மில்க் சாப்பிடுங்கள். கோட்டை வாசல் பக்கமும் ஒரு நடை போய், கடைசல் சத்தம் கேட்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். பேனா வாங்காவிட்டாலும் பாதகமில்லை. உங்கள் வீட்டுப் பீரோவில், யாரோ ஒருவர் ஆசையாகக் கொடுத்த பேனா ஒன்று நிச்சயம் இருக்கும். ஊருக்குத் திரும்பியதும் அதை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போடுங்கள்!